சங்கிலியன் அரண்மனைக்கு மேசன் யார்?

நல்லூர் இராசதானியைத் திரும்பக் கட்டி முடித்துவிட்டார்கள். கல் ஏற்றவில்லை, சுண்ணாம்பு அரைக்கவில்லை, கூலிக்குச் சண்டை வரவில்லை. ஒரு கணினியும் இடையில் நின்றுபோகாத மின்சாரமும் போதுமாக இருந்தன. முகநூலிலும் யூடியூபிலும் ஓடித்திரியும் அந்தக் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கருங்கல்லில் ஓர் அரண்மனை. பக்கத்தில் மதுரையையே வெட்கப்படுத்தும் கோபுரம். வாசலில் இரண்டு வரிசை யானை. நடுவே மன்னன் சங்கிலி நடந்து வருகிறான். சினிமாக்காரத் தாடி, உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்த்த நெஞ்சு. அரண்மனைக்குப் பின்னால் நீலநிறத்தில் ஒரு மலைத்தொடர். அந்த மலையிலிருந்து சலசலவென்று இறங்குகிறது ஓர் ஆறு.

குடாநாட்டில் பிறந்த பிள்ளை மலையைக் கண்ணால் காண வன்னியையும் தாண்டிப் போகவேண்டும். கீரிமலை இருக்கிறதே என்று வெளியூரார் கேட்பார்கள். போய்ப் பாருங்கள், கடல் இருக்கும், கேணி இருக்கும், நகுலேஸ்வரர் இருப்பார், மலை மட்டும் பெயரோடு நின்றுவிடும். ஆறு என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் உள்ளது வழுக்கையாறு. மாரியில் ஓடும், கோடையில் அதற்குள் மாடு மேயும். கருங்கல்லும் அப்படியே. குடாநாட்டின் அடி முழுவதும் சுண்ணாம்புக்கல். ஒரே ஒரு கருங்கல் தூண் வேண்டுமென்றாலும் வெளியிலிருந்து ஏற்றி வரவேண்டும். கூட்டிக் கழித்தால் காணொளியில் யாழ்ப்பாணத்துக்குச் சொந்தமாக எஞ்சுவது தலைப்பு மட்டும்.

செய்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இயந்திரத்திடம் ‘பழைய தமிழ் மன்னன், அரண்மனை’ என்று கேட்டிருப்பார். அந்த இயந்திரம் தின்று வளர்ந்தது தமிழ்நாட்டுக் கோயில்களின் கோடிக்கணக்கான படங்களை. சாப்பிட்டதைத்தானே அது திருப்பித் தரும்? அதற்குப் பிறகு இப்படி ஓர் உரையாடல் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

“தம்பி, உதென்ன பின்னால மலை?”

“பின்னுக்கு வெறுமையாக் கிடந்தது மாஸ்டர். அதுதான் போட்டனான்.”

“அப்ப கடலைப் போட்டிருக்கலாமே? பண்ணைக் கடல் பக்கத்திலதானே.”

“கடல் போட்டா றெண்டர் ஆக விடிஞ்சிடும் மாஸ்டர்.”

“கூரைக்கு ஓலை?”

“ஓலை போட்டா ஆர் மாஸ்டர் லைக் போடுவினம்?”

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் நானூறு ஆண்டுகளாக இதே தொழில்தான் நடக்கிறது. வந்தவன் ஒவ்வொருவனும் இருந்ததை இடித்து, தன் தலைக்குள் இருந்த படத்தின்படி திரும்பக் கட்டி, இதுதான் ஒரிஜினல் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். கருவிதான் மாறியிருக்கிறது.

சரி, அரண்மனையைக் கண்ணால் கண்ட சாட்சி யாராவது உண்டா? 1344இல் இபின் பதூதா இந்தத் தீவுக்கு வந்து யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். உலகம் சுற்றியவர், எதையும் உற்றுப் பார்ப்பவர். அவர் பார்த்தது என்ன? முத்துக்குவியல். உள்ளங்கையளவு மாணிக்கக் கிண்ணம், அதற்குள் அகில் எண்ணெய். மன்னனுக்குப் பாரசீகம் விளங்கும் என்றும் எழுதிவைத்தார். அரண்மனைக்கு எத்தனை தூண், கூரை ஓடா ஓலையா என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. விருந்தாளிகள் அப்படித்தான், தட்டில் என்ன வந்தது என்பது நினைவிருக்கும், சுவருக்கு என்ன நிறம் என்பது இருக்காது. அந்தச் சந்திப்பு நடந்ததும் நல்லூரில் அல்ல, புத்தளம் பக்கம் என்பதே பெரும்பாலானோர் கருத்து.

அடுத்த சாட்சி யாழ்ப்பாண வைபவமாலை. மாதகல் மயில்வாகனப் புலவர் 1736இல் எழுதியது. மேக்கறூன் என்று நம்மவர் நாவில் புரண்ட ஓர் ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்காக எழுதிக் கொடுத்தது. இராச்சியம் கவிழ்ந்தது 1619இல். அதாவது அரண்மனை போய் நூற்றுப்பதினேழு வருடம் கழித்து, அதைக் கண்டவர் ஒருவரும் உயிரோடில்லாத காலத்தில், அந்நிய அதிகாரி ஒருவனுக்காகத் தயாரான அறிக்கை. இன்றைக்கு நல்லூரைக் கணினியில் கட்டுகிற எல்லோருக்கும் இதுதான் வரைபடம்.

புலவர் குறை வைக்கவில்லை. மதில் உண்டு, வாசல் உண்டு, மாடமாளிகை உண்டு, சோலை உண்டு, குளிக்க மண்டபம் உண்டு. நான்கு திசைக்கும் காவலாகக் கோயில்: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி, வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாயநாதர். யமுனை நதியின் தண்ணீரைக் காவடியில் சுமந்து வந்து கேணியில் கலந்த கதையும் உண்டு. ஆனால் முழக்கணக்கு மட்டும் எங்கும் இல்லை. புலவரின் மாளிகையை எந்த ஊரில் கொண்டுபோய் வைத்தாலும் பொருந்தும். இதே நூலில்தான் குதிரைமுகத்தோடு வந்து கீரிமலையில் நீராடி முகம் மாறிய மாருதப்புரவீகவல்லியும் வருகிறாள். வைபவமாலையை நம்பி அரண்மனை கட்டுகிற தம்பி, அதே நம்பிக்கையோடு அந்த அம்மாவின் குதிரைமுகத்தையும் கட்டவேண்டும் அல்லவா? அவளை விட்டுவிட்டு மாளிகையை மட்டும் எடுத்துக்கொள்வது என்ன நியாயம்? இந்த நூலை வரிவரியாகப் பிரித்துப் போட்டு சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் ஒரு விமர்சனமே எழுதினார். கணினிக்காரர் யாரும் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கேணி, யமுனா ஏரி, இன்றைக்கும் நல்லூரில் ‘ப’ வடிவில் கிடக்கிறது. அரசர் காலத்தது என்று கைகாட்டக்கூடியவற்றில் அதிகம் சந்தேகத்துக்கு ஆளாகாதது அதுதான். அரண்மனையைக் காட்டும் காணொளிகளில் அதைக் காணக் கிடைப்பதில்லை. பாசி பிடித்த தண்ணீருக்கு யார் லைக் போடுவார்கள்?

ஒரிஜினல் எது, போலி எது என்ற சண்டையில் யாழ்ப்பாணத்துக்கு உலகப் புகழ் கிடைத்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லாமல் போகமுடியாது. 1560இல் கோவாவிலிருந்து போர்த்துக்கேய அரசப்பிரதிநிதி கொன்ஸ்தாந்தீனு தெ பிரகன்சா பெரிய கப்பற்படையோடு நல்லூருக்கு வந்தான். நல்லூர் மன்னன் முதலாம் சங்கிலி மன்னாரில் மதம் மாறியவர்களை 1544இல் கொன்றதற்குத் தண்டனை கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தான். சங்கிலி வன்னிக்குள் போய்விட்டான். வந்தவர்களால் நல்லூரில் நிலைக்க முடியவில்லை. மன்னாரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். போகும்போது நல்லூரில் கிடைத்த பொருட்களோடு பொன்னில் பதித்த ஒரு பல்லும் போயிற்று. புத்தரின் பல் என்று யாரோ சொன்னார்கள். அனுமாரின் பல் என்றும் ஒரு கதை கிளம்பியது.

பர்மாவில் பெகு நாட்டு மன்னன் பயின்னவுங் காதுக்குச் செய்தி போயிற்று. அந்தப் பல்லுக்கு மூன்று இலட்சம் குருசாடோ வரை தரத் தயார் என்று தூதனுப்பினான். கோவாவின் கஜானா காலி. பிரகன்சாவுக்கு விற்கத்தான் ஆசை. பேராயர் விடவில்லை. சபை கூடியது, வேதசாத்திரிகள் வாதிட்டார்கள். முடிவில் எல்லோர் முன்னிலையிலும் பல்லை உரலில் போட்டு இடித்து, நெருப்பில் எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். இதோடு கதை முடிந்தது என்று நினைத்தார்கள் பாவம்.

கொஞ்சக் காலத்தில் தென்னிலங்கையின் கோட்டை இராச்சியத்திலிருந்து செய்தி வந்தது: எரிந்தது எதுவோ, உண்மையான பல் எங்களிடம்தான் பத்திரமாக இருக்கிறது. சொன்னவர்கள் அந்த நாட்டு மன்னன் தர்மபாலனின் ஆட்கள். அந்தத் தர்மபாலனோ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கனாகிவிட்டவன். 1576இல் அந்தப் பல் பெகுவுக்குப் போய்ச் சேர்ந்தது, பெருவிழாவோடு வரவேற்கப்பட்டது. உடனே கண்டி மன்னன் ஆளனுப்பினான்: உங்களுக்கு விற்றது போலி, அசல் என்னிடம். பெகு மன்னன் ஏமாந்ததை ஒப்புக்கொள்வானா? தன்னிடம் உள்ளதே அசல் என்று வைத்துக்கொண்டான். இதையெல்லாம் தியோகோ தெ கூத்தோ என்ற போர்த்துக்கேயன் எழுதிவைத்திருக்கிறான். கண்டியில் உள்ளதே உண்மையான தந்ததாது, அது நல்லூருக்கு வந்ததே இல்லை என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குள் நாங்கள் கால் வைக்கவேண்டாம். எங்களுக்கு வேண்டிய பாடம் வேறு. இடித்துப் பொடியாக்கி ஆற்றில் கரைத்த பொருளுக்கும் சந்தையில் கேள்வி இருந்தால் மறுபடி உற்பத்தி நடக்கும். அதற்குக் கணினி கூடத் தேவையில்லை.

இனி பெரிய கொந்தராத்துக்காரரிடம் வருவோம். போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா. 1619இல் இரண்டாம் சங்கிலியைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பியவன். அங்கே 1623இல் சங்கிலியின் தலை போயிற்று. ஒலிவேரா முதலில் நல்லூரில்தான் தங்கினான். பிறகு கடற்கரைப் பக்கம் கோட்டை வேண்டும் என்று யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு இடம் மாறினான். கோட்டைக்குக் கல் வேண்டும். கல் எங்கே? 1621 பெப்ரவரியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிந்து விழுந்தது. அந்தக் கல்தான் கோட்டைக்குப் போயிற்று என்பது அன்றிலிருந்து இன்றுவரை ஊர் சொல்லும் கதை. அன்றைக்கு வேலைக்குப் பிடிக்கப்பட்ட எங்கள் மேசன்மாரில் ஒருவன், நேற்று கும்பிட்ட கல்லை இன்று வண்டிலில் ஏற்றும்போது என்ன நினைத்திருப்பான் என்று எந்தப் போர்த்துக்கேயனும் எழுதவில்லை. தலைகீழாக வைத்தானோ என்னவோ. நான் அந்த மேசனாக இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

அந்தக் கோட்டை சதுரம். அற்புத மாதாவின் பெயரை வைத்தார்கள். அற்புதம் நாற்பது வருடம்கூட நடக்கவில்லை. 1658இல் ரைக்லோஃப் வான் ஹூன்ஸ் என்ற ஒல்லாந்தன் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டுப் பிடித்தான். ஒல்லாந்தருக்குச் சதுரம் பிடிக்கவில்லை. ஐந்து மூலை வேண்டும் என்றார்கள். போர்த்துக்கேயன் கட்டியதை இடித்து, அதே இடத்தில் ஐங்கோணம் போட்டார்கள். ஐந்து கொத்தளத்துக்கும் சீலாந்து, ஒல்லாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து என்று தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். கனடாவில் குடியேறிய நம்மவர் கடைக்கு ‘யாழ்’ என்று பெயர் வைப்பதற்கு முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட முன்னுதாரணம் இருக்கிறது. உள்ளே 1706இல் சிலுவை வடிவில் ஒரு தேவாலயம் எழுந்தது. அதில் தொங்கிய மணி போர்த்துக்கேயருடையது. 1648 என்று ஆண்டும் மாதாவின் பெயரும் பொறித்தது. புரட்டஸ்தாந்து தேவாலயத்தில் கத்தோலிக்க மாதாவின் மணி அடித்துச் செபம் நடந்தது. மணிக்கு அதில் ஆட்சேபம் இருக்கவில்லை.

ஒல்லாந்தர் வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் ஒழுங்காக நடக்கும். வெளி அரண்களை 1792இல் முடித்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1795இல், ஆங்கிலேயர் வந்து ஒரு வெடிகூட வைக்காமல் முழுக் கோட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். ஆசியாவிலேயே நேர்த்தியான கோட்டைகளில் ஒன்று, கட்டியவர்கள் கையில் ஒரு நாள் சண்டைக்கும் பயன்படவில்லை. அதன் முழுச் சண்டையும் இருநூறு வருடத்துக்குப் பிறகு வந்தது. 1990 யூன் தொடங்கிச் செப்டெம்பர் வரை விடுதலைப் புலிகளின் முற்றுகை. உள்ளே இலங்கை இராணுவம். மேலே விமானம். செப்டெம்பர் கடைசியில் இராணுவம் வெளியேறியது. முற்றுகையிலும் அதற்குப் பிறகும் கோட்டையின் பெரும்பகுதி உடைந்தது. 1706இன் தேவாலயம் கற்குவியலாகிப் போனது. போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியோடு திருத்த வேலை தொடங்கியது. ஒல்லாந்தரின் கோட்டையை ஒல்லாந்தர் காசிலேயே திரும்பக் கட்டுவது பொருத்தம்தான். ஆனால் ஊர்க்கதைப்படி அதில் பாதிக் கல் முருகனுடையது. அவரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

இந்தக் கோட்டையைக் கணினியில் கட்டச் சொன்னால் கட்டலாம். அங்குலம் பிசகாமல் கட்டலாம். ஒல்லாந்தர் எல்லாவற்றையும் அளந்து வரைந்து கணக்கெழுதி வைத்தார்கள். அந்தக் கட்டுகள் எல்லாம் ஹேக் நகரத்து ஆவணக்காப்பகத்தில் கிடக்கின்றன. எங்கள் அரசனுடைய அரண்மனைக்கோ புலவர்தான் கணக்கப்பிள்ளை. அதனால்தான் அந்நியன் கட்டிய கோட்டை அச்சொட்டாக வருகிறது, சொந்த மன்னனின் வீடு சினிமா செட்டாக வருகிறது. இதைக் கேட்டு வயிறு எரிபவர்களுக்கு ஓர் ஆறுதல்: ஒல்லாந்தரும் முழுச் சுத்தம் இல்லை. பால்தேயஸ் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் இருந்து திரும்பி 1672இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, நல்லூர் என்று குடாநாட்டுத் தேவாலயங்களின் படங்கள் அதில் உண்டு. செப்புத்தகட்டில் அவற்றை வெட்டியது அந்த ஊர்ப் பட்டறை. பனையை நேரில் கண்டிராத கை வெட்டிய பனையும், வேட்டியைக் கண்டிராத கை வெட்டிய வேட்டியும் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். எங்கள் மலைபோட்ட தம்பிக்கு அந்தப் பட்டறையில் உடனே வேலை கிடைத்திருக்கும்.

கோயிலுக்கு வருவோம். இன்றைக்கு நாங்கள் கும்பிடும் நல்லூர்க் கோயில் பழைய இடத்தில் இல்லை. பழைய கோயில் இருந்த முத்திரைச்சந்திப் பக்கத்தில் இப்போது சென் ஜேம்ஸ் தேவாலயம் நிற்கிறது. ஒல்லாந்தர் கச்சேரியில் சிறாப்பராக (பணக்கணக்கராக) இருந்த இரகுநாத மாப்பாண முதலியார் 1734இல் குருக்கள் வளவில் புதிதாக ஒன்றைக் கட்டினார். ஒல்லாந்தர் சம்பளத்தில் இருந்த ஒருவர், போர்த்துக்கேயர் இடித்ததை, வேறொரு வளவில் கட்டியது. முதற் கோயில் எப்போது எழுந்தது என்று கேட்டால் மூன்று பிறந்தநாள் சொல்வார்கள்: பத்தாம் நூற்றாண்டு என்பார் சிலர், 1248 என்பார் சிலர், பதினைந்தாம் நூற்றாண்டில் செண்பகப்பெருமாள் கட்டினான் என்பார் சிலர். செண்பகப்பெருமாள் யார்? 1450 வாக்கில் கோட்டை இராச்சியத்துக்காக யாழ்ப்பாணத்தைப் பிடித்து, பிறகு ஆறாம் புவனேகபாகு என்று தென்னிலங்கையில் முடிசூடியவன். நல்லூர்க் கோயிலில் இன்றும் சொல்லப்படும் கட்டியத்தில் ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு வருகிறான். காணொளிக்காரர் யாரும் அந்தப் பெயருக்கு வாளும் குதிரையும் கொடுப்பதில்லை. கதையில் சிக்கலான ஆட்கள் படத்துக்கு உதவமாட்டார்கள்.

அந்த 1734 கோயிலும் ஒரிஜினல் இல்லை என்று பிறகு ஒருவர் சண்டைக்கு வந்தார். வேறு யார், ஆறுமுக நாவலர்தான். கட்டடம் ஆகமப்படி இல்லை, நடைமுறை ஆகமப்படி இல்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் துண்டுப்பிரசுரமே போட்டார். அவர் காலத்தில் முகநூல் இல்லாதது கோயில் நிர்வாகத்தின் அதிர்ஷ்டம். இன்று கைத்தொலைபேசிப் படங்களில் தகதகக்கும் தெற்குக் கோபுரம் 2011இல் வந்தது, வடக்குக் கோபுரம் 2015இல் வந்தது. கணினியில் 1600ஆம் ஆண்டு நல்லூரைக் காட்டுகிறேன் என்று வருபவர்கள் இந்த 2015ஐயும் அப்படியே தூக்கி வைத்துவிடுகிறார்கள். சங்கிலி அதைக் கண்டால் யார் வீட்டுக் கோயில் என்று கேட்பான்.

சங்கிலிக்கே சிக்கல்தான். முத்திரைச்சந்தியில் குதிரையில் இருப்பவருக்கு மாதிரியாக நின்றவர் யார் என்று கேட்காதீர்கள். 1974இல், உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இங்கே நடந்த காலத்தில் ஒரு சிலை. 2011இல் அதற்குப் பதிலாக இன்னொன்று. அவன் காலத்தில் அவனைப் பார்த்து வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் அதைச் செய்யவில்லை. பக்கத்தில் சங்கிலித்தோப்பு வளைவும் மந்திரிமனையும். இரண்டையும் தமிழ் அரசின் எச்சம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். வளைவின் அமைப்பையும், மந்திரிமனையின் ஓட்டுக்கூரையையும் மரவேலையையும் பார்த்தால் ஐரோப்பியர் காலத்துக் கைதான் பேசுகிறது. இடம் அரசனுடையதாக இருக்கலாம், கட்டடம் அவன் காலத்துக்குப் பின்னையது என்று ஆய்வாளர் பலர் சொல்லியாயிற்று. ஊர் கேட்டால்தானே? மந்திரிமனைக்குக் கீழே சுரங்கப்பாதை இருக்கிறது என்று எனக்குச் சொல்லாத நல்லூரானை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதற்குள் போய்வந்தவனையும் சந்திக்கவில்லை.

கந்தரோடைக்கு ஒரு நடை போய்வரலாம். யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்த போல் பீரிஸ் 1917 முதல் அங்கே தோண்டினார். கூட்டமாகச் சிறிய தூபிகளின் அடித்தளங்கள் கிடைத்தன. சிதறிய கல் துண்டுகள் கிடைத்தன. இப்போது நாங்கள் படம் எடுக்கும் வட்டமான குமிழ்கள், அந்த அடித்தளங்கள் மேல் தொல்பொருள் திணைக்களம் பிறகு திருத்தியெடுத்தவை. எந்தக் குமிழ் எந்த அடிக்கு என்று கல்லில் எழுதியிருக்கவில்லை. கிரேத்தாத் தீவில் ஆர்தர் எவன்ஸ் கொனோசஸ் அரண்மனையைச் சீமெந்து ஊற்றி எழுப்பிச் சிவப்புத் தூணும் நட்டு, மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துப் பழசு என்று உலகத்தை நம்பவைத்த அதே பழக்கம். இப்போது கணினியிலும் கந்தரோடை இரண்டு விதமாக வருகிறது. ஒரு பக்கத்தார் கட்டினால் வெள்ளை வெளேரென்று பெரிய தாதுகோபம் நிற்கும், சுற்றிவரத் தமிழன் ஒருவனும் இருக்கமாட்டான். மறுபக்கத்தார் கட்டினால் கோபுரம் நிற்கும், பௌத்தன் ஒருவனும் இருக்கமாட்டான். தமிழில் பேசிக்கொண்டு புத்தரைக் கும்பிட்ட ஆள் ஒருவர் அங்கே இருந்திருக்கலாம் என்பதை றெண்டர் பண்ண இரண்டு பக்கத்துக் கணினிக்கும் வலு போதாது.

பகிடியை ஒரு நிமிடம் ஒதுக்கி வைக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பொது நூலகம். சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் வரைந்து 1959 ஒக்டோபரில் திறந்த கட்டடம். 1981 மே 31 இரவு பற்றவைக்கப்பட்ட நெருப்பில் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் போயின. பிறகு, எரிந்த பகுதியை அப்படியே நினைவாக விடுங்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். வெள்ளை பூசித் திறந்தால் நடந்ததையும் சேர்த்துப் பூசிவிடுவீர்கள் என்றார்கள். பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டும், திறவுங்கள் என்றவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம். கடைசியில் வெள்ளைதான் பூசப்பட்டது. இன்று இதைக் கணினியில் கட்டுகிற ஒருவர் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி, எந்த நாளின் நூலகம்? 1959இன் திறப்புவிழாவா, 1981 யூன் முதலாம் திகதிக் காலையா, இன்றைய வெள்ளையா? மென்பொருள் இதைக் கேட்காது. ஒரு திகதியைத் தெரிவு செய்யும்போதே பக்கம் சாய்ந்தாயிற்று. கோட்டைக்கும் இதே கேள்வி. 1621இன் சதுரமா, 1792இன் ஐங்கோணமா, 1990இன் ஓட்டைகளா? ஒல்லாந்தத் தேவாலயத்தை அழகாக எழுப்பிக் காட்டுகிறவர், அது எப்படி இல்லாமல் போனது என்பதைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறார்.

உலகம் இதற்கு விதி எழுதிவைத்திருக்கிறது. 1964இல் வெனிஸ் நகரத்தில் கூடி, புனரமைப்பு ஊகம் தொடங்கும் இடத்தில் நிற்கவேண்டும் என்று எழுதினார்கள். அது கல்லுக்கு. கணினிக்கு 2009இல் லண்டன் சாசனம் என்று ஒன்று வந்தது. அது ஊகிக்காதே என்று சொல்லவில்லை. எது ஆதாரம், எது ஊகம், எதனால் அப்படி ஊகித்தாய் என்பதைப் பார்ப்பவருக்கு விளங்கும்படி எழுதி வை என்கிறது. விதி நல்ல விதி. ஆனால் 2016இல் அதே லண்டனின் திரபல்கர் சதுக்கத்தில், சிரியாவில் உடைக்கப்பட்ட பல்மைரா வளைவின் பிரதி ஒன்றை இயந்திரத்தால் எகிப்தியச் சலவைக்கல்லில் செதுக்கி நிறுத்தினார்கள். அளவு அசலின் மூன்றில் இரண்டு பங்கு. மேயர் வந்து திறந்துவைத்தார், சனம் செல்பி எடுத்தது. நாங்கள் மட்டும் ஏன் வெட்கப்படவேண்டும்?

இரண்டு வேலையையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். லேசர் கருவி ஒளியை அனுப்பி அது சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு இலட்சக்கணக்கான புள்ளிகளாகச் சுவரை எழுதிக்கொள்கிறது. ட்ரோனும் கைத்தொலைபேசியும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த நூற்றுக்கணக்கான படங்களிலிருந்தும் அதையே செய்யலாம். இது அளவை. சுவரில் வெடிப்பு இருந்தால் வெடிப்போடு வரும். மற்றையது, இல்லாத சுவரை நினைத்துக் கட்டுவது. அது அபிப்பிராயம். அபிப்பிராயம் சொல்லலாம், தவறில்லை. அதற்கு அளவையின் சட்டையைப் போட்டுவிடுவதுதான் களவு.

நல்லூர் அரண்மனையை ஒருவர் நேர்மையாகக் கட்ட விரும்பினால் எப்படி இருக்கும் என்று என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக்கல்லும் மண்ணும் சேர்ந்த தடித்த சுவர். அதன்மேல் சுண்ணச்சாந்து. பனை வளை, பனஞ் சலாகை, மேலே ஓலை. முக்கியமான கட்டடத்துக்கு ஓடு இருந்திருக்கலாம். நடுமுற்றம் வைத்த நாற்சார். மாரித் தண்ணீர் விழ ஒரு மூலை. சுற்றிவரப் பனை, புளி, வேம்பு. யானை ஒன்றிரண்டு, ஏனென்றால் யானை வியாபாரம் இருந்தது. கேணி மட்டும் முழு நிறத்தில், மற்றதெல்லாம் சாம்பல் நிறத்தில், ‘இது ஊகம்’ என்று மூலையில் எழுதி. இதைப் பார்த்து யாருக்கும் கண்ணீர் வராது. புலம்பெயர்ந்த மாமாமார் பகிரமாட்டார்கள். ஆனால் முத்தையும் மாணிக்கத்தையும் வைத்திருந்த ஓர் அரசன், வெயிலுக்கு இதமான ஓலைக்கூரைக்குக் கீழே இருந்து பாரசீகம் பேசினான் என்றால், அது கருங்கல் செட்டைவிட எவ்வளவோ கெட்டிக்கார அரசு என்பது என் கட்சி.

கடைசியாகக் கணினி படித்த பிள்ளைகளிடம் ஒரு விண்ணப்பம். அரண்மனை எங்கும் ஓடிவிடாது, அது ஏற்கெனவே போய்விட்டது. இருப்பதை அளவெடுங்கள். பருத்தித்துறையில் வீதிக்கு மேல் கூரை போட்டபடி நிற்கும் தெருமூடிமடம், மந்திரிமனையின் உத்தரங்கள், உங்கள் அம்மம்மா வீட்டுச் சங்கடப்படலை, வெளிநாட்டுக் காசு வந்ததும் மாபிளுக்காக இடிக்கப்படப்போகிற நாற்சார் வீடுகள், இவையெல்லாம் இன்னும் நிற்கின்றன. ஒரு கைத்தொலைபேசியும் ஓர் அளவு நாடாவும் போதும். சுற்றிவரப் படம் எடுங்கள், சுவரின் தடிப்பை அளவெடுங்கள், சுண்ணாம்பு எங்கே சுட்டார்கள் என்று அங்குள்ள கிழவரிடம் கேட்டு எழுதுங்கள். ஊரையும் திகதியையும் எழுத மறக்கவேண்டாம். இங்கத்தை நூல்களையும் ஆவணங்களையும் 2005இலிருந்து எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கும் நூலகம் திட்டம் இருக்கிறது. நீங்கள் சேர்த்ததை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.